மச்சான் கணுக்கால்: பக்கத்துத் தோலா, தொடைத் தோலா?

ஊருணிக்கரை:
மச்சான் திருப்பத்தூர் ரோட்டில் வண்டியோடு விழுந்து பத்து நாளாகிறது. கணுக்காலுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு எலும்பு தெரிகிறது. வயது 46. சர்க்கரை உண்டு, சிகரெட்டும் உண்டு. காரைக்குடி டாக்டர், கெண்டைக்கால் பக்கமிருந்து தோலைத் திருப்பிப் போட்டு மூடலாம் என்கிறார். மதுரையில் இன்னொருவர், தொடையிலிருந்து தோலை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரத்தக்குழாயைத் தைக்கும் மைக்ரோ சர்ஜரி என்கிறார். வெறும் தோலை ஒட்டினால் ஆகாதா என்று ஆத்தா கேட்கிறாள். எதற்குத் தலையாட்டுவது?

பள்ளத்தூரான்:
எலும்பு மேலிருக்கும் சவ்வு போய்விட்டால் ஒட்டுத்தோல் பிடிக்காது, பாறையில் நாற்று நட்ட மாதிரி. ரத்த ஓட்டத்தோடு வரும் தோல் வேண்டும். அதற்காகத் தொடைக்கு ஓடணுமா? காரைக்குடி டாக்டர் சொன்ன கெண்டைக்கால் தோலே, அதாவது சூரல் ஃபிளாப், போதும். பிரெஞ்சு டாக்டர் மாஸ்குலே 1992இல் விளக்கியது, மைக்ராஸ்கோப்பே தேவையில்லை. தொடைத் தோல் என்றால் ஆறு, எட்டு மணி நேரம் மயக்கத்தில் கிடக்கும் வேலை. தைத்த ரத்தக்குழாய் அடைத்தால் மொத்தமும் போச்சு. சர்க்கரைக்காரரை எதற்கு அதில் மாட்டிவிடுகிறீர்கள்?

தியேட்டர் சிஸ்டர்:
அண்ணே, சர்க்கரையும் சிகரெட்டும் உள்ளவருக்குத்தான் சூரல் காலை வாரும். அதில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடணும். வடிய வழியில்லாமல் ஓரம் கத்திரிக்காய் நிறமாகிக் கருகியதைப் பார்த்திருக்கிறேன். நரம்பும் கூடவே போவதால் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும்.

தொடை என்றதும் தசையை அறுப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். 1989இல் ஜப்பான் டாக்டர்கள் கொஷிமாவும் சொயெடாவும், வயிற்றுத் தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கலாம் என்று காட்டினார்கள். தொடையிலும் அதே வழிதான். தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வரும் குழாய்தான் பெர்ஃபொரேட்டர். நம் ஊருணிக்கு வரத்துக்கால் மாதிரி. சிலது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தசை நாரை விலக்கி விலக்கித் தாய்க்குழாய் வரை அதைத் தொடர்ந்து போகணும், நேரம் பாதி அங்கேயே போய்விடும். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லிசு. கீழே விழுந்தால் தேடவே மாட்டோம், புதுசு பிரிப்போம்.

பள்ளத்தூரான்:
எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்கு யார் பார்ப்பது? முதல் இரண்டு நாள் மணிக்கொரு தடவை பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது.

தியேட்டர் சிஸ்டர்:
அதில் உங்கள் கட்சிதான் நான். மாற்றி வைத்த தோலில் ஊசியால் லேசாகக் குத்துவோம். சிவப்பாக, மெதுவாக ஒரு சொட்டு வந்தால் நிம்மதி. கருஞ்சிவப்பாகக் குபுக்கென்று வந்தால் சிரை அடைப்பு. ரத்தமே வராவிட்டால் தமனி. இரண்டுக்கும் உடனே தியேட்டர்தான், விடியட்டும் என்று இருக்க முடியாது.

ஆத்தங்குடி ஓடு:
இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கே! எனக்கு புரொப்பெல்லர் ஃபிளாப் செய்தார்கள். ஒரே பெர்ஃபொரேட்டரை அச்சாக வைத்து, பக்கத்துத் தோலை ஃபேன் றெக்கை மாதிரி அரைச்சுற்று திருப்பி வைப்பது. குழாயை வெட்டி ஒட்டுவதில்லை. செருப்பு வார் மட்டும் இன்னும் உரசுகிறது.

தியேட்டர் சிஸ்டர்:
சுற்றியுள்ள தோல் நசுங்காமல் இருந்தால் நல்ல வழி. நசுங்கியிருந்தால் அச்சுக் குழாயே அடிபட்டிருக்கும். ரத்தம் ஓடும் சத்தத்தைக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

ஊருணிக்கரை:
இன்று மதுரையில் கேட்டார்கள். பேனா மாதிரி ஒன்று. கணுக்காலைச் சுற்றி எங்கே வைத்தாலும் வெறும் இரைச்சல். தொடையில் ‘புஸ்… புஸ்…’ என்று தெளிவாகக் கேட்டது, அந்த இடத்தில் மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டார்கள். ராத்திரி டியூட்டிக்கு இரண்டு டாக்டர்கள் உண்டாம், பள்ளத்தூர் அண்ணனுக்காகவே கேட்டேன். சர்க்கரை இறங்கினால் வியாழக்கிழமை. சிகரெட் பாக்கெட் என் பையில் இருக்கிறது, மச்சான் என்னோடு பேசுவதில்லை.