புதுப்பிப்பு: அக்காவின் வாழ்க்கைத்துணை உதவித்தொகை துணை விண்ணப்பம்

வியட்நாம் போரில் பணியாற்றிய அமெரிக்கரான என் அத்தான் பினாங்கில் பக்கவாதத்தால் காலமானதையும், இறப்புக்கும் இராணுவச் சேவைக்கும் தொடர்பில்லை என்று, இறந்த வீரரின் துணைக்கு அமெரிக்க அரசு தரும் உதவித்தொகைக்கான அக்காவின் விண்ணப்பம் தள்ளுபடியானதையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். புதிய சான்றுகளோடு மீண்டும் அனுப்பிய துணை விண்ணப்பம் இப்போது ஏற்கப்பட்டுவிட்டது.

சிக்கல் மரணச் சான்றிதழில்தான் இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'ஸ்ட்ரோக்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே. ஆனால் 2022-இல் அமெரிக்காவில் வந்த பேக்ட் (PACT) சட்டம், வியட்நாம் போரில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சு களைக்கொல்லிக்கு ஆளான வீரர்களின் உயர் இரத்த அழுத்தத்தைச் சேவையால் வந்ததாகவே கருதுகிறது. ஆகவே அந்த அழுத்தம் பக்கவாதத்துக்கு வழிவகுத்தது என்பதை மட்டும் நாங்கள் காட்டினால் போதுமானதாக இருந்தது.

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் அத்தான் வழக்கமாகச் சென்ற சிறிய கிளினிக்கின் மஞ்சள் அட்டையில், ஓரங்கள் கிழிந்திருந்தாலும், பல ஆண்டுகளின் இரத்த அழுத்த அளவுகள் 160/100, 170/105 என வரிசையாக இருந்தன. அதைப் பார்த்த மருத்துவர், அழுத்தம் இறப்புக்குக் கணிசமாகக் காரணமாக இருந்திருக்க ஐம்பது விழுக்காடாவது வாய்ப்புண்டு என்று காரணங்களோடு கடிதம் எழுதினார். "இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால் பயனிருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இறந்த ஓராண்டுக்குள் முதல் விண்ணப்பமும், மறுப்பு வந்த ஓராண்டுக்குள் துணை விண்ணப்பமும் போனதால், அத்தான் இறந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படுகிறது. அக்கா அந்த மஞ்சள் அட்டையை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறார்.