செஞ்சிக் கோட்டை: ஒரே நாளில் எந்த மலையில் ஏறுவது?

கேள்வி:
அம்மாவையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு செஞ்சிக்குப் போகிறோம். ஒரு நாள்தான் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டில் எது? முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குக் கீழே பார்க்க ஏதாவது உண்டா?

பதில்:
ராஜகிரியில் ஏறுங்கள், வேறு யோசனையே வேண்டாம். கிருஷ்ணகிரி உயரம் குறைவு, உச்சி மண்டபமும் அழகானது. ஆனால் செஞ்சியைப் பிடிக்க வந்தவர்கள் ஏன் திணறினார்கள் என்பது ராஜகிரியில்தான் காலுக்குப் புரியும். சுமார் 800 அடி உயரம். வாயில்கள் ஒவ்வொன்றாகக் கடந்து மேலே போனால், உச்சிக்குச் சற்று முன் பாறை பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடும். அதன் மேல் சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வழியே கிடையாது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே கீழே பார்க்கச் சொல்லுங்கள்.

செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜனோடு நிறுத்திவிடுகிறார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞனின் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் இந்தக் கோட்டையின் உண்மையான வலிமையைக் காட்டியது அதற்கு முந்தைய முகலாயர் முற்றுகை. 1677இல் பீஜப்பூர் சுல்தானிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றிய சிவாஜி மதில்களை வலுப்படுத்தினார். பின்னாளில் அவர் மகன் ராஜாராமுக்குப் புகலிடம் தந்தது அந்த மதில்கள்தான். 1690இல் முற்றுகையைத் தொடங்கிய ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கானிடம் கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்து இணைக்கும் மதிலை மேலிருந்து பாருங்கள். இவ்வளவு பெரிய பரப்பைச் சூழ்ந்து நிற்க எத்தனை படை வேண்டும் என்று மகனே கேட்பான். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

அம்மாவுக்குக் கல்யாண மஹால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் அடிவாரத்திலேயே இருக்கின்றன.

மற்றொருவர்:
காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பொட்டலம் கையில் தெரிந்தால் குரங்குகள் விடாது.

இன்னொருவர்:
அம்மாவை வெங்கடரமணர் கோயிலுக்கும் அழைத்துச் செல்லுங்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான்.

கேட்டவர்:
நன்றி. ராஜகிரிதான். நாங்கள் ஏறி இறங்கும்வரை அம்மாவுக்குத் துணையாகத் தங்கையையும் அழைத்து வருகிறேன்.