பழைய பள்ளிப் பேருந்தை வீடாக்க விரும்புகிறோம்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். இங்குள்ள பள்ளி நிர்வாகம் ஓட்டி முடித்த 1999ஆம் ஆண்டுப் பேருந்து ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய 40 அடி. இன்டர்நேஷனல் டி444இ எஞ்சின், அலிசன் ஏடி545 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதை வாங்கி, ஓராண்டுக்குள் நாங்கள் குடியேறும் வீடாக மாற்ற எண்ணுகிறோம். புத்தக அலமாரி ஒன்று செய்ததைத் தவிர எனக்குத் தச்சு வேலையில் பழக்கம் இல்லை. படுக்கை, சமையல் மேடை, சோலார் என எல்லாவற்றுக்கும் வரைபடம் போட்டுவிட்டோம். இருக்கைகளுக்கு அடியில் உள்ள பழைய பிளைவுட் உறுதியாகத்தான் தெரிகிறது. அதன் மேலேயே புதுத் தரை அமைக்கலாமா? கோடையில் கொலராடோ மலைப்பகுதிக்குப் போகவும் ஆசை.

பதில் 1

ஒஹாயோ என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உப்பு. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு இருபது ஆண்டுகளாக அந்த வண்டியின் அடிவயிற்றைத் தின்றிருக்கும். ஆகவே வரைபடத்தை எடுத்து வைத்துவிட்டு, ஒரு சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் கொண்டுபோய், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். சக்கரக் குழிகளைச் சுற்றியும், ஏறும் படிக்கட்டின் கீழும், ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மந்தமாகக் கேட்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள்.

பிளைவுட்டை அப்படியே விடவே கூடாது. என் பேருந்திலும் மேலிருந்து பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கியபோது அடிப்பக்கம் கறுத்து, ஊறிய ரொட்டியைப் போலப் பிய்ந்து வந்தது. ஜன்னல் விளிம்புகளில் கசிந்த நீர் பல ஆண்டுகளாகப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கியிருந்திருக்கிறது. துருவைத் தேய்த்தெடுத்து, மிச்சத் துருவைச் செயலிழக்கச் செய்யும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' திரவம் பூசி, அதன் மேல் எப்பாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இருக்கை போல்ட்டுகள் விட்டுச்சென்ற ஓட்டைகள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றின் மேல் ஒரு சென்ட் நாணயங்களை வைத்து, சீலன்ட் தடவி அடைத்தேன். இங்கே பலரும் கையாளும் வழி அது. போல்ட்டுகள் துருவேறித் திரும்பாவிட்டால் கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

டயர்களையும் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயரை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம்.

பதில் 2

முந்தைய பதிலை முழுமையாக ஏற்கிறேன். எஞ்சினைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். டி444இ நல்ல எஞ்சின்; ஃபோர்டு லாரிகளில் வந்த 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் எஞ்சினின் உடன்பிறப்பு என்பதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். எனக்குக் கவலை தருவது கியர்பாக்ஸ்தான். ஏடி545இல் டார்க் கன்வெர்ட்டருக்கு (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) லாக்கப், அதாவது இரண்டையும் நேரடியாகப் பூட்டும் வசதி, கிடையாது. அதனால் நீண்ட ஏற்றத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் வேகமாகச் சூடேறும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தி உதவாது. சமவெளியில் சுற்றுவதற்கு அது போதும். கொலராடோ போவதானால் எண்ணெய் வெப்பமானியும் கூடுதல் கூலரும் பொருத்துங்கள்; இல்லையேல் லாக்கப் உள்ள அலிசன் எம்டி643 கியர்பாக்ஸ் வண்டியைத் தேடுங்கள்.

காப்பீட்டு நிறுவனங்களிடம் பேசாமல் ஏலத்தில் கை தூக்காதீர்கள். நாமே மாற்றியமைத்த பேருந்துக்குக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. உரிமைப் பத்திரத்தில் அது பேருந்து என்பதிலிருந்து மோட்டார் ஹோம் என்று மாற வேண்டும். அதற்கு என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 'ஸ்கூல் பஸ்' என்ற எழுத்தை அழித்து, பக்கவாட்டில் நீளும் 'ஸ்டாப்' பலகையையும் மின்னும் சிவப்பு விளக்குகளையும் நீக்கிவிட வேண்டும். பல மாநிலங்களில் அந்த மஞ்சள் நிறத்தையும் மாற்றியாக வேண்டும்.

பதில் 3

சகோதரரே, உங்கள் இருவரில் உயரமானவர் காலணியோடு உள்ளே நின்று பாருங்கள். தரைக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு போட்டபின் சில அங்குலங்கள் குறையும். ஆறடி உயரமுள்ள என் கணவர் இரண்டு ஆண்டுகளாகத் தலை குனிந்தபடிதான் சமைக்கிறார்.

பனிக்காலத்தில் பேருந்துக் கூட்டின் விலா எலும்பு போன்ற இரும்புச் சட்டங்கள் வியர்க்கும். எங்கள் முதல் டிசம்பரில் விடியற்காலையில் போர்வை மேல் சொட்டு விழுந்துதான் விழித்தேன். இரும்பு எங்கும் வெளியே தெரியாதபடி 'க்ளோஸ்டு செல்' ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் வெப்பக்காப்பு நுரை) அடித்த பிறகே அது நின்றது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். ஆகவே அதை வீட்டுக்குள் வையுங்கள். 100 கேலன் தண்ணீர் 830 பவுண்டுக்கு மேல் கனக்கும். தொட்டியை இரு அச்சுகளுக்கும் இடையில், நடுவாக அமையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். பின்சக்கரத்துக்கு மேலே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரை உள்ளே இறங்கிவிட்டது. அந்த வண்டியை விட்டுவிட்டோம். இப்போது துரு குறைவாக இருக்கும் வறண்ட அரிசோனாவில் எம்டி643 கியர்பாக்ஸோடு வரும் வண்டிகளைப் பார்த்துவருகிறோம். அதற்கு முன்பாக மூன்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதியிருக்கிறேன்.