எந்த ராக் இசைக்குழு உண்மையிலேயே தலைசிறந்தது?

கேள்வி:
பீட்டில்ஸ், லெட் செப்பலின், குவீன் என்று எல்லாப் பட்டியலும் அதே பெயர்களைத்தான் சுற்றி வருகிறது. நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பழையகேசட்:
தாக்கம்தான். பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963இல் வந்தது, 1970இல் குழுவே கலைந்துவிட்டது; அதற்குள் ஸ்டுடியோவையே ஒரு வாத்தியமாக மாற்றிவிட்டார்கள்.

டிரம்ஸ்பிரியன்:
சரி, ஆனால் 1966க்குப் பிறகு அவர்கள் கச்சேரிச் சுற்றுப்பயணமே போகவில்லையே? 1985இல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் குவீன் சுமார் 20 நிமிடத்தில் வெம்ப்ளி அரங்கத்தையே வசப்படுத்தியதைப் பாருங்கள்.

இரும்புக்காது:
பிளாக் சாபத்தை யாருமே சொல்லவில்லை! தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த அவர்களுடைய கிட்டார் கலைஞர் டோனி அயோமி, கிட்டார் கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார், அந்தக் கனத்த ஒலி இல்லாமல் ஹெவி மெட்டல் என்ற ராக் வகையே ஏது?

கேள்வி கேட்டவர்:
அப்புறம், லெட் செப்பலினுக்காகப் பேச ஒருத்தர்கூட இல்லையா?