மாஸ்ஸி ஃபெர்குசன் 35: ஆயில், ஃபில்டர் மாற்றப் போகிறேன், சில சந்தேகங்கள்

களத்துமேடு:
நண்பர்களே, கையில் ஒரு பழைய மாஸ்ஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் வந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். முன்பு வைத்திருந்தவர் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார், என்ன ஆயில் ஊற்றினார் என்று எதுவும் தெரியாது. ஃபில்டர் இப்போதைய வண்டிகளில் இருப்பதுபோல் திருகிக் கழற்றும் டப்பா இல்லை, இரும்புக் கிண்ணத்துக்குள் காகித எலிமென்ட் உட்காரும் பழைய வகை. பழைய இன்ஜினுக்கு டிடர்ஜென்ட், அதாவது அழுக்கைப் பெயர்த்தெடுக்கும் சேர்மானம், இல்லாத ஆயில்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கசடெல்லாம் கிளம்பி இன்ஜினே போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்திவிட்டுப் போனார். உண்மையா? முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா? அப்புறம் ஒரு சின்ன விஷயம், வந்தபோது ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டில் நின்ற ஆயில் இப்போது கோட்டைத் தாண்டி நிற்கிறது. நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

துருப்பிடித்த ஸ்பேனர்:
மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கசடை மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு வந்து ஆயில் பம்பின் வலையில் அடைத்துவிடும், வடித்த பிறகும் மூலைமுடுக்கில் தங்கிப் புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

டிடர்ஜென்ட் பயம் ஃபில்டரே இல்லாத பழைய பெட்ரோல் இன்ஜின் காலத்துக் கதை. அங்கே அழுக்கு சம்ப்பின், அதாவது இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியின், அடியில் படிந்து கிடப்பதே நல்லது என்று விட்டுவிடுவார்கள். உங்களுடையது டீசல், கரி உண்டாகிக்கொண்டே இருக்கும், அந்தக் கரியை ஆயில் தன்னோடு சுமந்து வந்து ஃபில்டரில் விட வேண்டும், அதற்குத்தான் டிடர்ஜென்ட். டீசல் இன்ஜினுக்கான 15டபிள்யூ-40 கிரேடு ஆயில் (எண் ஆயிலின் தடிமனைச் சொல்வது) போதும். பழைய கையேட்டில் இருப்பதுபோல் ஒற்றை கிரேடு 30 கிடைத்தாலும் சரிதான், ஆனால் டப்பாவில் டீசல் தரக்குறி, அதாவது ஏபிஐ ‘சி’ வரிசை, இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கசடு இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் முதல் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, ஃபில்டரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

இனி அந்தக் கிண்ணம். நடு போல்டைத் தளர்த்தும்போதே கீழே ஒரு தட்டு வையுங்கள், கிண்ணம் நிறைய ஆயிலோடுதான் இறங்கும். உள்ளே ஸ்பிரிங், அதன் மேல் வாஷர், எலிமென்ட் உட்காரும் தட்டு எல்லாம் இருக்கும், எந்த வரிசையில் வந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எலிமென்ட்டையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாக இருந்தால் ஸ்பிரிங் சரியாக அழுத்தாது, ஆயில் வடிகட்டப்படாமலே ஓரமாகப் போய்க்கொண்டிருக்கும், வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. 35-இல் முதலில் ஸ்டாண்டர்ட் என்ற கம்பெனியின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் வந்தது, பெர்கின்ஸ் 1959-இல்தான் வந்தது. எனவே மாடல் பெயரை மட்டும் சொல்லி ஃபில்டர் கேட்காதீர்கள், இன்ஜின் எது என்பதையும் சொல்லுங்கள்.

முக்கியமானது ரப்பர் வளையம். அது கிண்ணத்தில் இருக்காது, மேலே ஃபில்டர் தலையில் வெட்டிய பள்ளத்தில் இருக்கும். வருஷக்கணக்கில் அழுந்திக் கெட்டியாகி இரும்போடு இரும்பாகத் தெரியும். அது இல்லை என்று நினைத்துப் புது வளையத்தை அதன் மேலேயே வைத்தால் ஸ்டார்ட் செய்த உடனே பீய்ச்சி அடிக்கும்.

மூணாவது கியர்:
எல்லாரும் ஃபில்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊற்றாமலே ஆயில் ஏறுகிறது என்றால் அது சின்ன விஷயமா? டிப் ஸ்டிக்கை எடுத்து விரலில் தொட்டு மோந்து பாருங்கள். பால் விட்டதுபோல் சாம்பல் நிறமாக இருந்தால் தண்ணீர். கறுப்பாகவே இருந்து, தண்ணீராக ஓடி, டீசல் வாடை அடித்தால் டீசல் கலக்கிறது. இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் டயஃப்ரம், அதாவது உள்ளே இருக்கும் சவ்வு, கிழிந்திருந்தால் டீசல் நேராக சம்ப்புக்குள் போகும். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய டீசல் பம்பின் முன்பக்க ஆயில் சீல் போனாலும் இதே கதைதான். இது தெரியும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், நீர்த்த ஆயிலில் பேரிங் தாங்காது.

துருப்பிடித்த ஸ்பேனர்:
சரியான கேள்வி, அவசரத்தில் அந்தக் கடைசி வரியை நான் தாண்டிவிட்டேன். ஆயிலைச் சூடாக்கி வடிப்பதுதான் வழக்கம், சூட்டில்தான் அழுக்கு மிதந்தபடி வெளியே வரும். ஆனால் டீசல் கலந்தது என்றால் எப்படியும் நீராகத்தான் ஓடும், குளிர்ந்த நிலையிலேயே வடியுங்கள்.

சும்மா ஒரு வாசகன்:
வண்டிக்கு அடியில் படுத்ததும் கண்ணில் படுகிற முதல் போல்டைக் கழற்றிவிடாதீர்கள். கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயிலுக்கும் தனியாக வடிகால் போல்ட் உண்டு. இன்ஜின் சம்ப்பின் போல்ட் எது என்று முதலில் தெளிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப்பையே இறக்கிக் கழுவலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், பல பழைய டிராக்டர்களில் அந்த வார்ப்பு சம்ப்தான் வண்டியின் முன்பாரத்தைத் தாங்குகிறது.

களத்துமேடு:
மோந்து பார்த்தேன், டீசலேதான். விரலில் பிசுக்கே இல்லை. வடித்தபோது கறுப்புத் தண்ணீர் கொட்டியதுபோல் இருந்தது. ஃபீட் பம்பைக் கழற்றிப் பார்த்தால் டயஃப்ரத்தின் ஓரத்தில் நகம் அளவுக்குக் கிழிசல். ஃபில்டர் தலையின் பள்ளத்தை ஒரு மரக்குச்சியால் கிளறினேன், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வளையம் வந்தது! மேலே இருந்தது இன்னும் வளைகிறது, அடியில் இருந்தது கரித்துண்டுபோல் ஒடிந்து ஒடிந்து வருகிறது. பம்பைப் போட்டுவிட்டுத்தான் ஆயில் ஊற்றப்போகிறேன். கிண்ணத்தில் முன்கூட்டியே ஆயில் நிரப்ப வேண்டுமா?

மூணாவது கியர்:
கிண்ணம் நேராகத் தொங்குவதால் முக்கால்வாசி நிரப்பியே மாட்டலாம். அதன் பிறகும் இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃபைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள், பிரஷர் மீட்டரில் முள் எழுந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் போதும். ஓடவிட்டுக் கிண்ணத்தின் விளிம்பில் கசிவு பாருங்கள், நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு டிப் ஸ்டிக் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். நடு போல்டை முறுக்கித் தள்ள வேண்டாம், வளையம் சரியாக உட்கார்ந்தால் அளவான இறுக்கமே போதும்.

ஃபீட் பம்பை மாட்டும்போது அதை இயக்கும், இன்ஜினுக்குள் சுற்றும் கேமின் மேடு அதன் நெம்புகோலை அழுத்திக்கொண்டிருந்தால் பம்ப் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். போல்டைப் பூட்டி இழுக்காதீர்கள், இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டு வையுங்கள், தானாகப் படியும்.