மறு: மறு: ‘அஃபினிட்டி மெச்சூரேஷன்’ – தமிழில்? (அவசரம்)

ந., திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கொரோனா தடுப்பூசி போட்டபின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் ஒரு பாடம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மற்றதையெல்லாம் ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன், இது ஒன்றில்தான் சிக்கல்.

விஷயம் இதுதான். ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் சிலருக்கு நெறி கட்டியதல்லவா, வேலை நடப்பது அங்கேதான். வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்ப்புரதத்தை (ஸ்பைக்) அடையாளம் கண்டுகொண்ட பி செல்கள், அதாவது எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுக்கள், அந்த நெறிக்குள், அதாவது நிணநீர்க்கணுவுக்குள் பெருகுகின்றன. அப்போது எதிர்ப்பொருளுக்கான (வைரஸைப் பிடிக்கும் புரதம், ஆன்டிபாடி) மரபணுப் பகுதியில் மட்டும் தாறுமாறாக மாற்றங்கள் விழுகின்றன. மாறியதில் பிடி தளர்ந்தவை மடிகின்றன. முன்னைவிட நன்றாகப் பிடிப்பவை டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்களின் உதவி பெற்று இன்னும் பெருகுகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட இது ஓடுகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு இறங்கிய பிறகும் நினைவு பி செல்களின் தரம் ஏறியிருப்பது இதனால்தான்.

இதற்குத்தான் ஆங்கிலத்தில் ‘அஃபினிட்டி மெச்சூரேஷன்’ என்று பெயர். இப்போதைக்கு ‘நாட்ட முதிர்ச்சி’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கு.சி., மதுரை:

சரிதான். எலக்ட்ரான் நாட்டம் என்று வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதற்கு? ஆனால் பிரிக்காமல் சேர்த்து எழுதுங்கள். மவ்வீறு ஒற்றழியும், அதாவது கடைசி ‘ம்’ கெடும்: ‘நாட்டமுதிர்ச்சி’.

இரா.வே., கோவை:

சேர்த்தால் மாணவிகள் ‘நாட்டு அமுதிர்ச்சி’ என்று படிப்பார்கள். தவிர, பழைய பாட்டில் நாட்டம் என்றால் கண். பி செல்லுக்குக் கண் முற்றிவிட்டது என்றா சொல்ல வருகிறோம்? ‘பற்று’ என்று வையுங்கள்: பற்றுமுதிர்வு. (‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற 350ஆம் குறளை யாரும் இங்கே ஒட்ட வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.)

அப்புறம், வைரஸை ஏன் தீநுண்மி என்று எழுதவில்லை? செல்லை உயிரணு என்றால் என்ன குறைந்துவிடும்?

செ., யாழ்ப்பாணம்:

எங்களிடம் அது கலம். எதிர்ப்பொருள் என்பதும் இல்லை, பிறபொருளெதிரி. நோய் எதிர்ப்பை நிர்ப்பீடனம் என்றே பள்ளியில் படித்தோம். அதை விடுவம்.

என் ஆட்சேபம் ‘முதிர்ச்சி’ மீதுதான். முதிர்தல் என்றால் இருக்கிற ஒன்றே காலப்போக்கில் விளைவது. இங்கே எந்த ஒரு கலமும் முதிரவில்லை. மாற்றம் விழுகிறது, தேறாதது சாகிறது, தேறியது பெருகுகிறது. டார்வின் சொன்னதுதான், ஒரு மனிதரின் அக்குளுக்குள் சில வாரங்களில் நடக்கிறது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் கோட்டை விட்டதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? நீங்கள் பரிணாமம் என்பதை நாங்கள் கூர்ப்பு என்போம். ஆகவே ‘பிடிக்கூர்ப்பு’. இங்கே உள்ளவருக்குப் பரிணாமம் கேட்கும், அங்கே உள்ளவருக்குக் கூர்மை கேட்கும். இரண்டும் பொருந்தும்.

கு.சி., மதுரை:

‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்று தொல்காப்பிய உரியியலே சொல்லிவிட்டது. உள்ளது சிறத்தல்! அடடா. நாட்டத்தை விட்டுவிட்டேன், என் வாக்கு செ.வுக்கு. ஆறாம் வேற்றுமைத் தொகை, கிளிக்கூடு போல வல்லினம் மிகும்.

இரா.வே., கோவை:

பிடி என்றால் பெண்யானையும்தான்.

த., விழுப்புரம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் செவிலியர்களுக்குப் பாடம் எடுக்கிறவள். ஐயாமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2022 ஜனவரியில் மூன்றாவது ஊசி வந்தபோது அரசுத் தாளில் ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்று இருந்தது. முகாமுக்கு வந்த ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை, “பூஸ்டர் இருக்காம்மா?” என்றுதான் கேட்டார்கள். ‘அஃபினிட்டி மெச்சூரேஷன்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் கொடுத்தால் என் பிள்ளைகளுக்குப் போதும்.

தமிழ்தான் வேண்டும் என்றால் நான் முகாமில் சொன்னதைச் சொல்கிறேன். 2021 மே மாதம் கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். “ஒரு ஊசி பத்தாதா, ரெண்டாவது எதுக்கு, அதுவும் இத்தனை நாள் கழிச்சு?” என்று கேட்டவர்களிடம், “மொத ஊசியில ஆளைத் தெரிஞ்சுக்கும், ரெண்டாவதுல பிடி இறுகும்” என்பேன். யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

ந., திருச்சி:

பிடியிறுக்கம்! நன்றி அம்மா.

கு.சி., மதுரை:

ஊசி போட்ட பாடத்தில் ‘இறுக்கம்’ என்று வந்தால் நெஞ்சு இறுக்கம் என்று நினைத்து யாராவது மருத்துவரைக் கூப்பிடுவார்கள்.

இரா.வே., கோவை:

வேக்சினுக்கே லத்தீனில் பசுதான் மூலம், மாட்டம்மையிலிருந்து வந்த பெயர். நம்மவர்கள் அம்மைப்பால் என்றார்கள். பசு போய்ப் பால் நின்றது, அதுவும் போய் இன்று ஊசி மட்டும் நிற்கிறது. மருந்தின் பெயர் போய்க் கருவியின் பெயர் நிலைத்துவிட்டதைப் பற்றி நான் விரிவாக எழுத…

ந., திருச்சி:

ஐயா, தயவுசெய்து தனி இழையில். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. கணுவுக்குள் இந்தப் பெருக்கமும் தேர்வும் நடக்கிற இடத்தை, ஜெர்மினல் சென்டரை, என்ன சொல்வது? முளைமையம்?

த., விழுப்புரம்:

நாற்றங்கால். அங்கே வளர்ந்து, பிடுங்கி வேறு இடத்தில்தானே நடப்படுகிறது? தேறிய செல்களில் சில எலும்பு மஜ்ஜைக்குப் போய்த் தங்கி வருடக்கணக்கில் எதிர்ப்பொருள் சுரக்கின்றன.

செ., யாழ்ப்பாணம்:

நல்ல சொல். இதற்கு என் முழுச் சம்மதம்.

ந., திருச்சி:

வியாழன் இரவு ஆகிவிட்டது. தலைப்பில் ‘பிடியிறுக்கம்’, முதல் தடவை மட்டும் பக்கத்தில் அஃபினிட்டி மெச்சூரேஷன் தமிழ் எழுத்தில். நாற்றங்கால் அப்படியே. செல், வைரஸ், எதிர்ப்பொருள் மாறவில்லை. கோவை ஐயா மன்னிக்கவும். கு.சி. ஐயா இரண்டு பக்கமும் வாக்களித்திருப்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

செ., யாழ்ப்பாணம்:

அச்சுக்குப் போகட்டும், மறிக்கவில்லை. ஆனால் என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். பிடியிறுக்கம் என்பது விளைவின் பெயர். எப்படி இறுகியது என்பது அதில் இல்லை. அந்த நாற்றங்காலில் தேறாமல் செத்த கலங்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடி கேட்பேன்.

இரா.வே., கோவை:

‘மஜ்ஜை’ தமிழா?