பிளைத் ஸ்பிரிட்: 1,997 காட்சிகளும் ஒரே அரங்கிலா?

மேடைக்கிளி:
ஆங்கில நாடகாசிரியர் நோயல் கோவர்டின் ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகம் லண்டனில் 1,997 முறை நடந்ததாகப் படித்தேன். எல்லாம் பிக்காடில்லி அரங்கிலேயேவா? இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஊரில் ஆவியை வைத்துச் சிரிக்க எப்படி மனசு வந்தது? கடைசியில் சாமான்கள் தானாக விழுந்து உடைவதை எப்படிச் செய்வார்கள்?

ஒத்திகை அறை:
மூன்று அரங்குகள் சேர்ந்த கணக்கு அது. 1941 மே மாதம் வேல்ஸில் போர்ட்மெய்ரியனில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்குள் எழுதிவிட்டார். முதல் மேடையேற்றம் ஜூன் 16 மான்செஸ்டர், லண்டனில் ஜூலை 2 பிக்காடில்லி. 1942இல் செயின்ட் ஜேம்ஸ், அதே ஆண்டிலேயே டச்சஸ். 1946 மார்ச்சில்தான் ஓய்ந்தது. பாட்டில்லாத நாடகத்துக்கு லண்டன் நாடக அரங்குகளின் பகுதியான வெஸ்ட் எண்டில் அதுதான் சாதனை, 1957இல் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ முறியடிக்கும்வரை. நியூயார்க்கின் பிராட்வேயில் நடந்த 657 காட்சிகள் தனி. சிலர் இரண்டையும் கூட்டிக் குழப்புகிறார்கள்.

மனசு வந்ததா என்றால், முதல் நாள் கூட்டம் இடிபாட்டின் மேல் போட்ட பலகையில் நடந்துதான் உள்ளே போனது. எழுத்தாளர் கிரஹாம் கிரீனுக்குப் பிடிக்கவில்லை, ரசனைக்கேடு என்றார். ஆனால் செத்தவருக்காக யாரும் அழாத நாடகம் இது. யார் மேலும் இரக்கம் வராதபடி எழுதியிருப்பதால்தான் சிரிப்பு நிற்கிறது.

பக்கத்திரை:
நாயகன் சார்லஸின் இறந்துபோன முதல் மனைவி எல்விராதான் அந்த ஆவி. அவளது முடி, தோல், உடை, கை எல்லாமே சாம்பல் நிறம் என்று பிரதியிலேயே இருக்கிறது. ஆவிக்கு வேறு தந்திரம் தேவையில்லை. இரண்டாவது மனைவி ரூத் உயிரோடு இருக்கும்வரை மேடையில் எல்விரா சார்லஸ் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள், எனவே பாரம் முழுக்க ரூத்தாக நடிப்பவர் மேல். எல்விரா பூக்கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது ரூத் கிண்ணத்தை மட்டும் பார்க்க வேண்டும். பார்வை ஒருமுறை முகத்துக்கு ஏறினால் போச்சு, ஆவி வெறும் நடிகை ஆகிவிடும்.

உடையும் சாடியை முன்பே உடைத்துப் பசையால் லேசாக ஒட்டிவையுங்கள். பின்சுவர்த் துளை வழியாகத் தூண்டில் நரம்பு, இழுக்க ஆள். ஒளியில் நரம்பு மின்னும், கறுப்பு மார்க்கரால் தேய்த்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே கட்டினால் நடப்பவர் காலிலோ தட்டிலோ மாட்டும், கடைசிக் காட்சிக்கு முன் கட்டினால் போதும்.

மேடைக்கிளி:
எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விழ வைக்கலாமா?

பக்கத்திரை:
கூடாது. கடைசிக் காட்சியில் ரூத்தும் இறந்து ஆவியாகிவிட்டாள், இருவரும் இப்போது சார்லஸ் கண்ணுக்கே தெரிவதில்லை. அவர் அந்த இரண்டு மனைவிகளிடமும் பேசுகிறார், விழும் ஒவ்வொரு பொருளும் அவர்கள் சொல்லும் பதில். அவர் வாக்கியத்தை முடித்த பிறகே இழுக்க வேண்டும். இழுப்பவருக்குக் கையில் பிரதி இருக்கட்டும்.